பன்னிரண்டு மணி நேரம் லேப்பில் இருந்தும் வேலை ஏன் நகரவில்லை

பினாங்கில் மூலக்கூறு உயிரியலில் ஆய்வுவழி முதுகலை, மூன்றாம் பருவம். காலை எட்டு மணிக்கு லேப்புக்குள் போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருகிறேன், அப்படியும் மாதக் கூட்டத்தில் சூப்பர்வைசருக்குக் காட்ட எதுவும் இல்லை, ஒழுங்காக வேலை செய்ய எந்த ஆப் நல்லது? இதுதான் நீங்கள் கேட்டது. ஆப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கேள்வியின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன மாதம் ஜெல்லில் தெளிவாக வந்த பேண்ட் (டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு) இந்த மாதம் வரவில்லை, என்ன மாறியது என்றே தெரியவில்லை என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில் இருக்கிறது. உங்களுக்கு நேரம் போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் அது கரைகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஎன்ஏ துண்டு ஒன்றைப் பல மடங்கு நகலெடுக்கும் ஒரு சாதாரண பிசிஆருக்கு எல்லாவற்றையும் ஐஸில் எடுத்து வைத்துக் கலந்து முடிக்க நாற்பது நிமிடம். ஒரு கிலோபேஸ் (ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டுக்கு 35 சுற்று ஓட ஏறக்குறைய இரண்டு மணி நேரம். துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 1 விழுக்காடு அகரோஸ் ஜெல்லை 100 வோல்ட்டில் ஓட்ட நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். படம் எடுத்து மேசையைத் துடைத்து நிமிர்ந்தால் நான்கு மணி நேரம் போயிருக்கும். காரணம் தெரியாமல் அதையே மூன்று தடவை செய்தால், எட்டு மணி நேர வேலை நாள் கணக்கில், ஒன்றரை நாள். மாதத்தில் இப்படி நான்கு சுற்று வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் போய்விட்டது, கையில் இருப்பதோ அதே பழைய கேள்வி. ஆகவே கீழே சொல்வதையெல்லாம் ஒரே அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்: இது அடுத்த மறுசெய்கையைத் தடுக்குமா? தடுக்காது என்று பட்டால் விட்டுவிடலாம். இன்னொன்று, நான் எழுதுவது பிப்பெட் (சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடிக்கும் லேப்புக்கு. கரிம வேதியியல் தொகுப்பு செய்பவர்களுக்கும் விலங்குக் கூடத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதில் பாதிதான் பொருந்தும்.

பிப்பெட்டைத் தொடுவதற்கு முன் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, இன்றைக்கு விடை தேடும் கேள்வி. இரண்டாவது, விடை ஆம் என்றால் ஜெல்லில் என்ன தெரியும், இல்லை என்றால் என்ன தெரியும். மூன்றாவது, அந்த இரண்டில் எது வந்தாலும் நாளை என்ன செய்வேன். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பரிசோதனையை இன்று செய்யாதீர்கள். எந்த முடிவு வந்தாலும் அடுத்த அடி தெரியாத வேலை அது. பெரும்பாலும் கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு டியூப்) ஒன்று குறைகிறது என்று இந்த இடத்தில்தான் பிடிபடும். டெம்ப்ளேட் (நகலெடுக்க வேண்டிய மூல டிஎன்ஏ) இல்லாத நெகட்டிவ் கன்ட்ரோலும், ஏற்கெனவே வேலை செய்தது என்று தெரிந்த டிஎன்ஏவைக் கொண்ட பாசிட்டிவ் கன்ட்ரோலும் இல்லாமல் ஓட்டிய பிசிஆரில் பேண்ட் வராவிட்டால் நீங்கள் தெரிந்துகொண்டது ஒன்றும் இல்லை. நகலெடுக்கும் என்சைம் கெட்டதா, நகலெடுப்பு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் குட்டி டிஎன்ஏ துண்டான பிரைமர் தப்பா, மாதிரியில் அந்த மரபணுவே இல்லையா என்று பிரிக்க வழி கிடையாது. இரண்டு டியூப் கூடுதலாக வைத்திருந்தால் அன்றைக்கே பிரிந்திருக்கும்.

அந்த மூன்று வரியோடு எத்தனை முறை செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து எடுத்த செல்லை தட்டின் மூன்று குழிகளில் ஊற்றுவது பிப்பெட் பிழையை மட்டும் காட்டும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் (செல்களைப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றி வளர்த்த தலைமுறையில்) செய்த மூன்றைத்தான் மூன்று தனிப் பரிசோதனையாகக் கணக்கில் எடுப்பார்கள். இதை ஆய்வேடு எழுதும் காலத்தில் கண்டுபிடிப்பவர்கள் ஆறு மாத வேலையைத் திரும்பச் செய்கிறார்கள்.

அடுத்தது நோட்டு எழுதும் நேரம். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது நோட்டு ஆகாது. செய்முறைத் தாளில் இருக்க வேண்டியது என்ன என்பதைத்தான் நினைவு எழுதும், நீங்கள் செய்ததை எழுதாது. மேசையில் வேலை நடக்கும்போதே எழுதுங்கள். டிஷ்யூ, கையுறையின் பின்பக்கம், பழைய ரசீது எதிலும் எழுதக் கூடாது. நோட்டு அழுக்கானால் ஆகட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பயன்படுத்திய என்சைமின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), பிரைமரின் பெயரும் அது கரைக்கப்பட்ட தேதியும், பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) யார் எப்போது தயாரித்தது, எந்த இயந்திரம், எந்த புரோகிராம். செய்முறையிலிருந்து விலகிய எதையும் அப்போதே எழுதுங்கள்: பத்து நிமிடம் என்று இருந்ததை போன் வந்ததால் பதினெட்டு நிமிடம் விட்டது, ஐஸ் பெட்டியின் ஒரு மூலையில் ஐஸ் உருகியிருந்தது, செண்ட்ரிஃபியூஜில் சுற்றியபின் அடியில் படியும் பெலட் வழக்கத்தைவிடச் சிறியது. போன மாதம் வந்த பேண்ட் ஏன் இந்த மாதம் வரவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் லாட் எண் வரியிலோ இந்த விலகல் வரியிலோதான் இருக்கும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், வெள்ளை மை வேண்டாம். அடித்த எண்ணும் சில சமயம் தேவைப்படும்.

காகித நோட்டா, மின்னணு நோட்டா என்று கேட்பார்கள். இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேச எனக்கு வலுவான காரணம் இல்லை. மின்னணு நோட்டில் தேடுவது எளிது, ஜெல் படத்தை அங்கேயே ஒட்டலாம். ஆனால் கையுறையோடு கீபோர்டைத் தொட மனம் வராமல் எழுதுவதைத் தள்ளிப்போடுவார்கள். உங்கள் லேப்பில் எல்லாரும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே பயன்படுத்துங்கள். நீங்கள் போன பிறகு அடுத்தவர் படிக்க வேண்டும் அல்லவா. காகிதம் என்றால் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரப் பக்கங்களைப் படம் எடுத்துச் சேமித்துவிடுங்கள்.

இனி, பொருள்கள் பற்றி. மறுசெய்கையில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதிய பிரைமர் வந்தால் மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் செண்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். உலர்ந்த டிஎன்ஏ மூடியில் ஒட்டியிருந்தால் திறந்ததும் பறந்துவிடும். லேபிளில் எத்தனை நானோமோல் என்று போட்டிருக்கிறதோ அதைப் பத்தால் பெருக்கினால் வரும் மைக்ரோலிட்டர் அளவு பஃபர் ஊற்றினால் 100 மைக்ரோமோலார் ஸ்டாக் (அடர்த்தியான மூலக் கரைசல்) கிடைக்கும், 24.6 நானோமோல் என்றால் 246 மைக்ரோலிட்டர். அதிலிருந்து 10 மைக்ரோமோலாரில் வேலைக்கான கரைசலைச் சின்னச் சின்ன டியூப்களாகப் பிரித்து வையுங்கள், 100 மைக்ரோமோலார் ஸ்டாக்கைத் தினமும் தொடாதீர்கள். ஒரு டியூப்பில் ஏதாவது கலந்து கெட்டால் அந்த ஒன்றைத் தூக்கிப் போட்டால் போதும், ஸ்டாக் கெட்டால் புது ஆர்டர் வரும்வரை உட்கார வேண்டும். மாஸ்டர் மிக்ஸ் (எல்லா டியூப்புக்கும் பொதுவான கலவை) தயாரிக்கும்போது மாதிரிகளோடு இரண்டு கன்ட்ரோலையும் எண்ணி, அதற்கு மேல் பத்து விழுக்காடு சேருங்கள். எட்டு மாதிரி என்றால் மொத்தம் பத்து டியூப், தயாரிக்க வேண்டியது பதினொன்றுக்கு. கடைசி டியூப்புக்குப் போதாமல் போவதும், அதற்குத் தனியாகக் கலந்து ஊற்றி அந்த ஒன்று மட்டும் வித்தியாசமாக வருவதும் அடிக்கடி நடப்பது.

வெப்பநிலை நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. டிரிஸ் பஃபரின் பிஎச் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.03 மாறும், சூடு ஏறினால் பிஎச் இறங்கும். 25 பாகையில் 8.0 என்று சரிசெய்த பஃபரை 4 பாகைக் குளிர் அறையில் பயன்படுத்தினால் அது 8.6-ஐ ஒட்டி நிற்கும். ஏர்கான் அணைந்த சனிக்கிழமை மத்தியானம் 31 பாகையில் சரிசெய்தவரின் பஃபரும், திங்கள் காலை 24 பாகையில் சரிசெய்தவரின் பஃபரும் ஒன்றல்ல. பாட்டில் லேபிளில் பிஎச்சோடு எந்தப் பாகையில் அளந்தது என்பதையும் எழுதுங்கள். அதேபோல் ஜெல் ஊற்றும்போது அகரோஸைத் தொட்டியில் இருக்கும் அதே பஃபரில் கரையுங்கள். 50 மில்லிலிட்டருக்கு 0.5 கிராம் என்ற அளவு எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் அவசரத்தில் பஃபருக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு பேண்ட் கோணலாகப் போகிறதே என்று என்சைமைச் சந்தேகிப்பார்கள்.

லேபிள் எழுதுவதில் ஈரப்பதம் நமக்கு எதிரி. மைனஸ் 20 பாகையிலிருந்து ஒரு பெட்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்த இரண்டே நிமிடத்தில் டியூப் எல்லாம் வியர்த்துப் போகும். அந்த ஈரத்தில் கையுறை உரசினால் மை அழியும். நிரந்தர மார்க்கர் என்று பெயர் இருந்தாலும் 70 விழுக்காடு எத்தனால் பட்டால் அது கரைந்து ஓடிவிடும். நீண்ட நாள் வைக்கப் போவதற்கு, கடுங்குளிரைத் தாங்கும் கிரையோ லேபிள் ஒட்டுங்கள், அல்லது டியூப்பின் சொரசொரப்பான பகுதியில் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எத்தனாலுக்கு அசையாது. மூடியில் மட்டும் எழுதினால் இரண்டு மூடி மாறிப்போகும் நாள் ஒன்று வரும், பக்கத்திலும் எழுதுங்கள். தேதியை எண்ணால் மட்டும் எழுதாதீர்கள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கச் செய்முறைத் தாள் படித்து வளர்ந்தவருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை. தலைப்பெழுத்திலும் கவனம் தேவை. நம் பெயர்களில் ‘எஸ்’ஸும் ‘கே’யும் ஏராளம். ஒரே லேப்பில் எஸ் என்று மூன்று பேர் இருந்தால் யார் டியூப் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் மூன்றெழுத்துக் குறி ஒன்று வைத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். லேப்பில் மலாய், சீனம், தமிழ் எல்லாம் பேசலாம், லேபிள் மட்டும் எல்லாருக்கும் தெரிந்த ஒரே மொழியில் இருக்கட்டும்.

ஃப்ரீசர் பெட்டிக்கு ஒரு வரைபடம் கட்டாயம். ஒன்பதுக்கு ஒன்பது பெட்டியில் 81 டியூப். வரிசைக்கு எழுத்து, நெடுக்கைக்கு எண். எந்தப் பெட்டி, எந்த இடம், என்ன, எப்போது, நோட்டில் எந்தப் பக்கம் என்று ஐந்து பத்தி கொண்ட அட்டவணை போதும், இதற்கென்று மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. நோட்டுப் பக்க எண் இருக்கும் பத்திதான் இதன் உயிர், அது இல்லாத டியூப் என்ன என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. வீட்டு உபயோகத்துக்கான, உறைபனி தானாகக் கரையும் ஃப்ரீசரில் என்சைம் வைக்காதீர்கள். பனியைக் கரைக்க அது அவ்வப்போது தானே சூடேறும், என்சைம் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். டிஎன்ஏவை ஏற்றுக்கொள்ளத் தயாராக்கிய பாக்டீரியா செல் மைனஸ் 80-இல் இருக்க வேண்டும், ஒரு தடவை இளகியதைத் திரும்ப உறைய வைத்தால் காலனி எண்ணிக்கை விழுந்துவிடும். ஃபிளாஸ்க்கில் வளர்க்கும் விலங்கு, மனிதச் செல்களை நீண்ட காலம் வைக்கத் திரவ நைட்ரஜன்தான். அவற்றுக்கு மைனஸ் 80 ஓர் இடைநிறுத்தம் மட்டுமே.

பிப்பெட்டையும் சந்தேகப்படுங்கள். மாதம் ஒரு தடவை, நுண்தராசில் தண்ணீரை அளந்து பாருங்கள். 25 பாகையில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.0997 கிராம் இருக்க வேண்டும். பத்துத் தடவை எடுத்துச் சராசரியும் சிதறலும் பார்த்தால் இருபது நிமிட வேலை. ஒரு பிப்பெட் எட்டு விழுக்காடு குறைவாக எடுக்கிறது என்று தெரியாமல் பல வாரம் ஓட்டுவதைவிட அது மலிவு.

இப்போது நேரத்துக்கு வருவோம். எந்தப் பரிசோதனையிலும் கை வேலை நேரம் ஒன்று, காத்திருக்கும் நேரம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் நாள் வேறு மாதிரித் தெரியும். புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் இரண்டு நாள் வேலை என்பார்கள், அதில் கை வேலை முதல் நாள் மூன்று மணி நேரமும் அடுத்த நாள் இரண்டு மணி நேரமும்தான் இருக்கும், மீதி ஓடுவதும் ஊறுவதும். அந்த இடைவெளியில் இன்னொரு பரிசோதனையின் கை வேலையைப் பொருத்தலாம். மூன்றாவதைப் பொருத்தாதீர்கள். ஒரே நாளில் இரண்டு பரிசோதனையைத் தாங்கும் கவனம் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, மூன்றாவது வரும்போது முதல் இரண்டில் ஒன்றின் நேரம் தவறும், அதுவும் மறுசெய்கைக் கணக்கில் சேரும். காத்திருப்பில் மீதமாகும் பதினைந்து நிமிடத் துண்டுகளைப் படிப்பதற்கென்று ஒதுக்காதீர்கள், அதில் ஆழமாகப் படிக்க வராது. டிப் பெட்டி அடுக்குவது, ஆட்டோகிளேவுக்கு அனுப்புவது, அட்டவணையில் டியூப் சேர்ப்பது போன்றவற்றுக்கு அது சரியான நேரம்.

வாரத்தையும் உயிரினத்தின் கடிகாரத்துக்கு ஏற்ப அடுக்க வேண்டும். பாக்டீரியாவை மாலை ஐந்து மணிக்கு வளர்க்கப் போட்டால் மறுநாள் காலை ஒன்பதுக்குப் பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும், பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் இருக்கும் வளைய டிஎன்ஏ) எடுக்கச் சரியான பதம். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டை அதற்கு மேல் 37 பாகையில் விட்டால், எதிர்ப்பு உள்ள காலனி சுற்றிலும் மருந்தைச் சிதைத்துவிடும். அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக முளைப்பவை பிளாஸ்மிட் இல்லாத செல்கள், அவற்றை எடுத்து வளர்த்து ஏமாறுவார்கள். திங்கட்கிழமை டிரான்ஸ்ஃபார்ம் செய்து (பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி), செவ்வாய் காலனி எடுத்து, புதன் பிளாஸ்மிட் பிரித்து வெட்டிப் பார்த்து, வியாழன் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பினால் வார இறுதி உங்களுடையது. அதையே வெள்ளிக்கிழமை தொடங்கினால் சனி காலை ஒருவர் வந்து தட்டைக் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஃபிளாஸ்க்கில் வளர்க்கும் செல்களுக்கு மீடியம் (வளர்ப்புத் திரவம்) மாற்றத் திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்துவிடுங்கள். திட்டமிட வெள்ளி மாலை நாற்பத்தைந்து நிமிடம் போதும்: அடுத்த வாரக் கேள்விகள், இயந்திர முன்பதிவு, குறையும் பொருள்.

நம் நாட்டுக் காலண்டரை முன்னால் வைத்துத்தான் இதைச் செய்ய முடியும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று விடுமுறை வரும் வாரங்களில் 72 மணி நேர செல் பரிசோதனையைத் தொடங்காதீர்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் புறப்பட்டால் தண்ணீர்மலைப் பக்கச் சாலைகள் அடைபடும், நேரத்துக்கு வந்து மீடியம் மாற்ற முடியாது. பக்கத்து மாநிலமான கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளி, சனி, பினாங்கில் சனி, ஞாயிறு. கெடாவிலுள்ள அரசு மருத்துவமனையிலிருந்து மாதிரி வருகிறது என்றால் திங்கள் முதல் வியாழன்வரைதான் இரண்டு பக்கமும் ஆள் இருப்பார்கள். உலர்பனியில் வரும் என்சைமைச் செவ்வாய் அல்லது புதன் வந்து சேரும்படி கேளுங்கள். உலர்பனி மைனஸ் 78.5 பாகையில் ஆவியாகிக்கொண்டே இருக்கும் பொருள். வெள்ளி மாலை அலுவலகத்தில் இறங்கிய பொதியைத் திங்களன்று திறந்தால் உள்ளே காலிப் பெட்டியும் வெதுவெதுப்பான டியூப்பும் இருக்கும்.

கொள்முதலில்தான் பலரின் மூன்று மாதம் தொலைகிறது. கொட்டேஷன் வாங்கி, கையெழுத்து வாங்கி, பிஓ (கொள்முதல் ஆணை) வந்து, சரக்கு வெளிநாட்டிலிருந்து இறங்கி வர ஆறு முதல் எட்டு வாரம் ஆவது சாதாரணம். ஆகவே காலியாகும்போது ஆர்டர் போடுவது என்ற பழக்கம் இங்கே ஓடாது. ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் ஒரு கோடு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மாதத்துக்கு வேண்டிய அளவு மீதி இருக்கும்போதே கொட்டேஷன் கேட்க வேண்டும். கிட் பெட்டியில் அந்த அளவு வரும் இடத்தில் ஒரு சிவப்பு அட்டையைச் செருகி வைத்தால் யார் எடுத்தாலும் கண்ணில் படும். பல பல்கலைக்கழகங்களில் ஆண்டு முடிவதற்கு முன்பே கொள்முதல் கணக்கை மூடிவிடுவார்கள். எந்தத் தேதி என்று உங்கள் நிதி அலுவலகத்தில் ஆகஸ்டிலேயே கேட்டுச் சுவரில் எழுதுங்கள். புதிய லாட் வந்தால் பழையது தீர்வதற்கு முன் இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். முக்கியமாக ஆன்டிபாடிக்கும் சீரத்துக்கும் இதைத் தவறவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் சுருக்கமாக. கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். அடுத்து உங்கள் மூன்றெழுத்துக் குறி, பரிசோதனை எண், என்ன என்பது. ‘கடைசி’, ‘புதிய கடைசி’ போன்ற பெயர்கள் வேண்டாம். இயந்திரம் கொடுத்த மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் போட்டுத் திருத்த முடியாதபடி பூட்டுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் நகலில். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்ற விதி இடியும் மின்தடையும் உள்ள ஊருக்கு மிகப் பொருத்தம். எக்செல்லில் மரபணுப் பட்டியலைத் திறக்கும்போது விழிப்பாக இருங்கள். செப்ட்2, மார்ச்1 போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020 வாக்கில் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும், ஆகவே அந்தப் பத்தியை எழுத்து வடிவம் என்று முதலிலேயே குறித்துவிட்டு இறக்குங்கள்.

கழிவையும் ஒழுங்கின் பகுதியாகவே பாருங்கள், இதில் சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (சட்டத்தில் பட்டியலிட்ட அபாயகரமான கழிவு) விதிமுறைகளின்படி கழிவுக் கலனில் அது உருவான தேதி இருக்க வேண்டும், 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குளோரோஃபார்ம் போன்ற குளோரின் உள்ள கரைப்பான் ஒரு பாட்டில், எத்தனால், அசிட்டோன் இன்னொரு பாட்டில். பிளாஸ்மிட் கிட்டில் வரும் குவானிடின் என்ற உப்பு கலந்த பஃபர் கழிவில் குளோராக்ஸ் போன்ற ப்ளீச் ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். மரபணு மாற்றிய உயிரினத்தோடு வேலை என்றால் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு வழியாக அறிவிப்புப் போயிருக்க வேண்டியிருக்கலாம். சூப்பர்வைசர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளாமல் அறிவிப்பு எண்ணைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இங்கே நான் சொல்வதும் உங்கள் பாதுகாப்பு அதிகாரி சொல்வதும் மாறுபட்டால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் கன்ட்ரோல், லேபிள், லாட் எண், பிரித்து வைப்பது, நகல் எடுப்பது ஆகியவை எந்த லேப்புக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு நாளுக்கு இரண்டு பரிசோதனை, வெள்ளி மாலைத் திட்டம் போன்றவை என் கணிப்பு, உங்கள் கை வேகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். விடியற்காலையில் வேலை செய்வது நல்லதா, இருபத்தைந்து நிமிடக் கடிகாரம் வைத்துப் படிப்பது உதவுமா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆப் விஷயமும் அப்படித்தான். போனில் ஏற்கெனவே இருக்கும் காலண்டரும் ஒரு அட்டவணைக் கோப்பும் போதும். புது ஆப் கற்றுக்கொள்ளும் இரண்டு நாளில் உங்கள் ஃப்ரீசர் பெட்டி முழுவதையும் பட்டியல் போட்டு முடித்துவிடலாம். மாலை எட்டு மணிவரை இருப்பதைப் பற்றியும் ஒன்று: களைத்த கை ஏழு மணிக்கு ஊற்றும் ஒரு மைக்ரோலிட்டரை நான் நம்ப மாட்டேன். நுணுக்கமான கலப்பைக் காலையில் வையுங்கள்.

தோல்விக்கும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். வராத ஒரு முறையை மூன்று தடவைக்கு மேல் முயலாதீர்கள். இரண்டாவது தடவை ஒரே ஒரு மாற்றம்: டெம்ப்ளேட்டை மட்டும் மாற்றுங்கள், அல்லது பிரைமர் டெம்ப்ளேட்டோடு இணையும் வெப்பநிலையை மட்டும். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் பேண்ட் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, அடுத்த மாதம் இதே கேள்வியோடு நிற்பீர்கள். மூன்றாவதும் வராவிட்டால் நோட்டின் அந்தப் பக்கங்களோடு லேப்பில் மூத்தவர் ஒருவரிடம் போய்ப் பத்து நிமிடம் கேளுங்கள். ‘அக்கா, இதைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று பக்கத்தைத் திறந்து நீட்டினால் நம் லேப்களில் மறுப்பவர் குறைவு, வெறும் கையோடு போய் ‘வரவில்லை’ என்றால்தான் அவர்களுக்கும் சொல்ல எதுவும் இருக்காது.

மாதக் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். மேலே இந்த மாதக் கேள்வி, நடுவில் கன்ட்ரோலோடு கூடிய ஜெல் படம், வராததாக இருந்தாலும் சரி, கீழே எந்தக் காரணங்களை விலக்கியாயிற்று, எது மீதி. என்சைம் சரி, பிரைமர் சரி, சிக்கல் மாதிரியில்தான் என்று கன்ட்ரோலை வைத்துக் காட்ட முடிந்தால் அது ஒரு மாத வேலைக்கு முழு முடிவு, ‘காட்ட எதுவும் இல்லை’ என்று அதைச் சொல்லக் கூடாது. ஆனால் இதையெல்லாம் செய்தும் பல மாதம் கேள்வி நகரவில்லை என்றால், கேள்வியே தவறாக வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அந்த மாதிரியை வைத்து விடை காணவே முடியாமல் இருக்கலாம். அதை எந்த ஒழுங்கும் சரிசெய்யாது. விலக்கிய காரணங்களின் பட்டியலோடு சூப்பர்வைசரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கும் இந்தத் தாள்தான் வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், நோட்டிலிருந்து வேண்டாம். இந்த வாரம் ஒரு மத்தியானம் உங்கள் மைனஸ் 20 பெட்டிகளை ஒவ்வொன்றாக ஐஸில் வைத்து, ஒவ்வொரு டியூப்பையும் நோட்டுப் பக்கத்தோடு பொருத்திப் பட்டியலிடுங்கள். பொருந்தாதவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, மூன்று மாதம் கழித்து எறியும் தேதியை மேலே எழுதுங்கள். போன மாதம் வேலை செய்த பிரைமரும் இந்த மாதம் வேலை செய்யாத பிரைமரும் ஒரே டியூப்தானா என்பது அன்றைக்கே தெரிந்துவிடக்கூடும்.